நான்கு உலக்கைகளும் ஓர் ஓய்வும்

ஓர் உரலின் இருபுறமும் இரண்டு பெண்கள் எதிரெதிர் நின்று நெற்குத்துவதை நேயர்கள் பலர் கண்டிருப்பர். ஒருத்தியின் உலக்கை மேலெழும்போது மற்றவளின் உலக்கை கீழிறங்கும். மூவர் சேர்ந்தால் குத்துக்கும் குத்துக்கும் இடைப்பட்ட காலம் குறுகும். நால்வர் சேர்ந்தால் மேலும் குறுகும். உரலுக்கு ஓய்வென்பதே இல்லாது போகும். அந்த நால்வரும் முறைமாற்றிக் குத்தாமல், ஒரே நேரத்தில் ஓங்கி இறக்கினால் நிகழ்வது யாது? நிலம் அதிரும், உரல் அசையும், ஆயினும் அடுத்த குத்து வருமுன் நெடியதோர் ஓய்வு கிடைக்கும். குத்துகளின் தொகை ஒன்றே. குத்துவோரின் வலிமையும் ஒன்றே. வேறுபடுவது அவை காலத்தில் அமையும் முறை மாத்திரமே.

தமிழிலே பிஸ்டனுக்கு முசலம் என்றொரு பெயர் வழங்குவதுண்டு. முசலம் என்றால் உலக்கை. உருளைக்குள்ளே மேலும் கீழுமாக ஓடும் அந்த உலோக உலக்கைகள் எந்த ஒழுங்கில் இயங்கவேண்டும் என்ற கேள்வி, பந்தய மோட்டார்ச் சைக்கிள்களை அமைத்தோரின் சிந்தையை நெடுங்காலம் ஆட்கொண்டிருந்தது. முறைமாற்றிச் சமமான இடைவெளியில் குத்துவதே சிறந்தது என்பது வழிவழி வந்த கொள்கை. 1992ஆம் ஆண்டிலே யப்பானிய நிறுவனமாகிய ஹொண்டா அக்கொள்கையைக் கைவிட்டு, நான்கு உலக்கைகளையும் ஏறக்குறைய ஒன்றாகவே இறக்கியது. அம்மாற்றம் ஏன் வேண்டியதாயிற்று, எவ்வாறு இயன்றது, எஞ்சினின் மேலே அமர்ந்திருந்த மனிதனுக்கு அதனால் விளைந்தது யாது என்பவற்றை இப்பேச்சு ஆராய்கின்றது.

முதலில் எஞ்சினின் இயல்பை அறிதல் வேண்டும். சாதாரண மோட்டார் வண்டியில் உள்ளது நாலடிப்பு எஞ்சின். அதில் ஒவ்வோர் உருளையும், தண்டு இரண்டு முறை சுழலும்போது ஒருமுறையே வெடிக்கும். 'டூ ஸ்ட்ரோக்' என்று பேச்சில் வழங்கும் ஈரடிப்பு எஞ்சினோ, தண்டின் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை வெடிக்கும். பிஸ்டன் மேலேறும்போது மேலே உள்ள பெற்றோல் கலந்த காற்று நெருக்குண்ணும். அதே வேளையில் கீழேயுள்ள அறைக்குள் புதிய காற்று இழுக்கப்படும். தீப்பொறி பட்டுப் பிஸ்டன் கீழிறங்கும்போது எரிந்த வாயு வெளியேறும்; கீழறையில் அடைபட்ட புதிய கலவை பக்கத் துவாரங்களின் வழியே மேலே பாயும். ஆகவே பிஸ்டனின் மேற்பக்கம் வேலை செய்கின்றது. கீழ்ப்பக்கம் கொல்லன் உலைத் துருத்தியைப்போலக் காற்றை ஊதிக் கொடுக்கின்றது.

பிஸ்டனின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்குத் தண்டு. முழங்கைபோல மடிந்த அத்தண்டு, பிஸ்டனுக்குக் கீழே உள்ள அறையிலேதான் சுழல்கின்றது. அந்த அறையே துருத்தியாகவும் பயன்படுவதால், இரண்டு உருளைகள் ஒரே அறையைப் பகிர்ந்துகொள்ளுதல் எளிதன்று. ஒரு பிஸ்டன் ஏறும்போது மற்றது இறங்குமாயின், ஒன்று இழுக்கும் காற்றை மற்றது தள்ளிக் கெடுத்துவிடும். ஆதலால் ஒவ்வோர் உருளைக்கும் காற்றுப் புகாதவாறு அடைக்கப்பட்ட தனியறை வேண்டும். அறைக்கொரு மடிப்புத் தண்டிலே வேண்டும். அறைகளுக்கிடையே காப்பு வளையங்கள் வேண்டும். இதனால் தண்டு நீளும்; பாரமும் கூடும். ஆனால் இத்தடையினுள்ளே ஒரு சுதந்திரமும் மறைந்திருந்தது. ஒவ்வோர் உருளைக்கும் தனி மடிப்பு இருப்பதால், அம்மடிப்புகளை எந்தக் கோணத்தில் வேண்டுமானாலும் அமைக்கலாம். வெடிப்பின் ஒழுங்கை அமைப்போன் தானே தெரிந்தெடுக்கலாம்.

ஈரடிப்பு எஞ்சின் எளியது, மலிவானது, ஆயினும் நெடுங்காலம் பந்தயத்திலே மதிக்கப்படவில்லை. அதற்கு மதிப்பைத் தேடிக்கொடுத்தவர் கிழக்கு ஜேர்மனியின் ஷொப்பாவு நகரில், எம். இசட். தொழிற்சாலையிற் பணியாற்றிய வால்ற்றர் காடன் என்னும் பொறியியலாளர். புகைக்குழாயை நடுவே அகலித்து முனையிற் குறுக்கி, அதனுள் ஓடும் ஒலியலையே எரியாது தப்பும் கலவையை உருளைக்குள் திருப்பித் தள்ளுமாறு அவர் செய்தார். 1961இல் அவருடைய 125 சி. சி. எஞ்சின் ஏறக்குறைய 25 குதிரைவலுவைத் தந்தது. அஃதாவது ஒரு லீற்றர் கொள்ளளவுக்கு 200 குதிரைவலு என்ற வீதம். அதே ஆண்டு செப்டம்பரில், சுவீடன் பந்தயத்தின்போது, அவருடைய ஓட்டவீரர் ஏர்ன்ஸ்ற் டெக்னர் நாட்டைவிட்டு வெளியேறி யப்பானிய நிறுவனமாகிய சுசுக்கியிற் சேர்ந்தார். அடுத்த ஆண்டே சுசுக்கி 50 சி. சி. பிரிவில் டெக்னரைக் கொண்டு உலகப் பட்டத்தை வென்றது. ஷொப்பாவு நகரிற் பிறந்த அறிவு யப்பானிலே வேரூன்றியது.

ஆற்றலை மேலும் பெருக்குவதற்கு யப்பானியர் கண்ட வழி, உருளைகளைச் சிறிதாக்கி அவற்றின் தொகையைக் கூட்டுவதாகும். சிறிய பிஸ்டன் பாரம் குறைந்தது. குறுகிய தூரமே ஓடுவது. ஆதலின் நிமிடத்துக்குக் கூடிய சுற்றுகளைத் தாங்கும். 1967ஆம் ஆண்டளவில் யமஹா நிறுவனம் 125 சி. சி. என்னும் சிறு கொள்ளளவையே நான்கு உருளைகளாகப் பகுத்திருந்தது. ஓர் உருளை ஒரு சிறு முட்டையின் அளவுகூட இல்லை. இவ்வாறு பெருகிச்சென்ற உருளைத் தொகையைப் பின்னர் விதிகள் கட்டுப்படுத்தின. 500 சி. சி. பிரிவில் நான்கு உருளைகளே எல்லையாயின. ஆகவே அந்த நான்கையும் எவ்வாறு நிறுத்துவது, எந்த ஒழுங்கில் வெடிக்கச் செய்வது என்பதே அறிவுப் போட்டியின் களமாயிற்று.

இரண்டு உருளை எஞ்சினில் விடை எளிது. இரண்டையும் பக்கம் பக்கமாக நிறுத்தி, ஒன்று உச்சியில் இருக்கும்போது மற்றது அடியில் இருக்குமாறு தண்டின் மடிப்புகளை 180 பாகையில் அமைத்தால், அரைச்சுற்றுக்கு ஒரு வெடிப்பு நிகழும். ஒன்றின் ஏற்றத்தை மற்றதன் இறக்கம் ஈடுசெய்யும். எனினும் இரண்டும் ஒரே நேர்கோட்டில் இல்லாமையால், கிணற்றுத் துலாவைப்போலத் தண்டு இருமுனையும் மாறிமாறி ஆட முற்படும். அந்த ஆட்டம் பொறுக்கத்தக்க அளவினதே. யமஹாவின் புகழ்பெற்ற 250 சி. சி., 350 சி. சி. பந்தய வண்டிகள் இவ்வகையைச் சேர்ந்தவை.

நான்கு உருளைகளுக்கு யமஹா முதலிற் கையாண்டது அவற்றை ஒரே வரிசையில் நிறுத்தும் முறை. அவ்வகை எஞ்சினைக் கொண்டே 1975இல் இத்தாலியரான ஜியாக்கொமோ அகோஸ்தினி 500 சி. சி. உலகப் பட்டத்தை வென்றார். ஈரடிப்பு எஞ்சின் அப்பெரும் பிரிவில் வென்ற முதற்பட்டம் அது. ஆனால் வரிசை அகன்றது; வளைவிலே வண்டி சாயும்போது அகலம் பகையாகும். சுசுக்கி நிறுவனம் வேறு வழியிற் சென்றது. காற்றை உள்ளே விடுவதற்கு அது சுழலும் தட்டு வாயிலை விரும்பியது. அத்தட்டுக்குக் கிராங்குத் தண்டின் திறந்த முனையொன்று வேண்டும். வரிசையின் நடுவிலுள்ள உருளைகளுக்கோ அத்தகைய முனை கிடையாது. ஆகவே சுசுக்கி தன் நான்கு உருளைகளைச் சதுரத்தின் நான்கு மூலைகளில் நிறுத்தி, நான்கு சிறு கிராங்குத் தண்டுகளைப் பற்சில்லுகளாற் பிணைத்தது. ஆங்கிலேயரான பரி ஷீன் 1976, 1977 ஆகிய ஆண்டுகளில் வென்ற வண்டி அதுவே.

1982இல் யமஹா நான்கு உருளைகளை இரண்டிரண்டாகப் பிரித்து, ஆங்கில எழுத்தாகிய 'வீ'யின் வடிவில் அமைத்தது. சோடிக்கொரு தண்டாக அதற்கு இரண்டு கிராங்குத் தண்டுகள் இருந்தன. இரண்டு ஆண்டுகளின் பின், 1984இல், ஹொண்டா தனது என். எஸ். ஆர். 500 என்னும் வண்டியை வெளியிட்டது. அதிலும் உருளைகள் 'வீ' வடிவினவே. ஆனால் நான்குக்கும் ஒரே கிராங்குத் தண்டு. காற்று புகுவதற்குச் சுழலும் தட்டுக்குப் பதிலாக, காற்றின் அழுத்தத்தாலே தானே திறந்து மூடும் மெல்லிய நாக்கு வாயில்கள் அமைக்கப்பட்டன. இதனாலே தண்டின் முனை எங்கிருக்கிறது என்ற கவலை ஒழிந்தது. இரண்டு தண்டுகளைப் பிணைக்கும் பற்சில்லுகளிலே வீணாகும் ஆற்றலும் மிச்சமாயிற்று; பாரமும் குறைந்தது.

ஹொண்டாவின் எஞ்சினில் நான்கு உருளைகள். ஒரு சுற்று 360 பாகை. நான்காற் பகுத்தால் 90 பாகை. ஆகவே ஒவ்வொரு காற்சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. கணித அறிவுக்கு இதனைவிட அழகிய தீர்வு வேறில்லை. பற்சில்லுகளும் சங்கிலியும் சீரான சுமையைப் பெறும், அதிர்வும் குறையும். நிமிடத்துக்கு 12,000 சுற்று என்றால் வினாடிக்கு 200 சுற்று. வினாடிக்கு 800 வெடிப்பு. அந்த எண்ணூறும் ஒன்றோடொன்று இணைந்து, கூரிய ஓலமாகவே செவியிற் படும். 'ஓலமிடுவோன்' என்னும் பொருள்படும் 'ஸ்கிறீமர்' என்ற பெயர் அத்தகைய எஞ்சினுக்குப் பின்னாளில் வாய்த்தது.

சோதனைச்சாலையின் மேடையில் அந்த எஞ்சினுக்குக் குறையேதுமில்லை. குறை தெரியவந்தது பந்தயத் தரையிலேதான். காடன் வகுத்த புகைக்குழாய், குறித்த சில சுற்று வேகங்களில் மாத்திரமே எஞ்சினுக்குத் துணைபுரியும். அவ்வேகத்துக்குக் கீழே எஞ்சின் சோர்ந்திருக்கும். அதனை எட்டியதும் ஆற்றல் திடீரெனப் பொங்கும். வளைவைக் கடந்து, வண்டி இன்னும் சாய்ந்திருக்கும் வேளையில், வீரர் வேகக் கைப்பிடியைத் திருகுகின்றார். நிலத்தைத் தொட்டுக்கொண்டிருப்பது பின்சில்லின் ரயரில் உள்ளங்கையளவான ஓரப்பகுதி. அதன்மேலே ஆற்றல் பொங்கி வந்து விழுகின்றது. ரயர் பிடி இழந்து பக்கவாட்டில் வழுக்குகின்றது.

வழுக்குதல் மாத்திரமே நிகழ்ந்தால் வண்டி தாழ்ந்த பக்கமாகச் சரிந்து விழும். வீரர் தரையோடு சறுக்கிச் சென்று பெரும்பாலும் எழுந்து நடப்பார். கொடியது மற்ற வகை வீழ்ச்சி. வழுக்குவதை உணர்ந்த வீரர் கைப்பிடியை மூடியதும் ரயர் திடீரென மீண்டும் நிலத்தைப் பற்றுகின்றது. குறுக்கே திரும்பியிருக்கும் வண்டி ஒரு கணத்தில் நிமிர்ந்து, கவணிலிருந்து எறியப்படும் கல்லைப்போல வீரரை உயர்ந்த பக்கமாக வானில் வீசுகின்றது. 500 சி. சி. பிரிவிலே பல வீரர்களின் எலும்புகளை முறித்தது இத்தகைய வீழ்ச்சியே. வழுக்கலைக் கண்டறிந்து ஆற்றலைத் தானே அடக்கும் மின்னணுக் கருவி அந்நாளில் வீரருக்குத் துணையாக இருக்கவில்லை. அவருடைய மணிக்கட்டு ஒன்றே காவல்.

இந்நிலையிலே ஆற்றலைக் கூட்டுவதைவிட, இருக்கும் ஆற்றலை எவ்வாறு பங்கிடுவது என்ற சிந்தனை எழுந்தது. 1990இல் ஹொண்டா தன் எஞ்சினின் வெடிப்புகளை இரண்டிரண்டாகச் சேர்த்து, அரைச்சுற்றுக்கொரு முறை நிகழுமாறு செய்தது. 1992இல் அதற்கும் அப்பாற் சென்றது. நான்கு உருளைகளும் தண்டின் 65 முதல் 70 பாகைக்குள்ளேயே வெடித்து முடியுமாறு ஒழுங்கு மாற்றப்பட்டது. எஞ்சிய சுற்றிலே வெடிப்பில்லை. 'பெருவெடிப்பு' என்னும் பொருள்படும் 'பிக் பாங்' என்ற பெயர் அதற்கு நிலைத்தது.

இவ்வேறுபாட்டை ஒரு கணக்கினால் விளக்கலாம். வளைவின் முடிவில் வண்டி மணிக்கு 108 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுவதாகவும், எஞ்சின் நிமிடத்துக்கு 12,000 முறை சுழல்வதாகவும் கொள்வோம். வினாடிக்கு 30 மீற்றர் ஓட்டம். வினாடிக்கு 200 சுற்று. ஆகவே தண்டு ஒருமுறை சுழலும்போது சில்லு 15 சென்ரிமீற்றர் உருள்கின்றது. அஃது ஒரு சாண் நீளத்துக்கும் குறைவு. 90 பாகைக்கொரு வெடிப்பாயின், ஒவ்வொரு 3.75 சென்ரிமீற்றருக்கும் ரயர் ஓர் உந்தலைப் பெறும். ஒரு வெடிப்பின் உந்தல் ஏறக்குறையக் காற்சுற்று நீடிப்பதால், ஒன்று ஓயுமுன் அடுத்தது தொடங்கிவிடும். ரயருக்கு விடுதலை இல்லை. வழுக்கத் தொடங்கினால் வழுக்கிக்கொண்டே செல்லும்.

பெருவெடிப்பு ஒழுங்கிலோ, நான்கு உந்தல்களும் அந்தத் தூரத்தின் முதல் மூன்று சென்ரிமீற்றருக்குள் தொடங்கிவிடும். ஆறு அல்லது ஏழு சென்ரிமீற்றருக்குள் அடங்கியும் விடும். எஞ்சிய எட்டு ஒன்பது சென்ரிமீற்றர் தூரத்துக்கு ரயர் உந்தலின்றி உருளும். அதன் காலம் ஒரு வினாடியின் ஆயிரத்தில் மூன்று பங்கு அளவே. மனிதன் இமைக்கும் நேரத்தில் இது பலமுறை அடங்கும். ஆயினும் றப்பருக்கு அது போதும் என்பதே அமைத்தோரின் கருத்து. நழுவிய ரயர் அவ்விடைவெளியிலே நிலத்தை மீண்டும் பற்றிக்கொள்ளும். அடுத்த அடி வரும்போது ஆயத்தமாக இருக்கும். வழுக்கல் ஒரேயடியாகப் பெருகாமல், சிறுசிறு படிகளாக வருவதால் வீரர் அதனை முன்கூட்டியே உணர்வார்.

இதற்குக் கொடுத்த விலையும் உண்டு. நான்கு உலக்கைகள் ஒருங்கே விழுந்தால் உரல் பிளக்கும் அன்றோ? முன்பு ஒரு வெடிப்பின் அடியைத் தாங்கிய பற்சில்லுகளும் கிளச்சும் கியர்ப் பெட்டியும் இப்போது நான்கின் அடியையும் ஒன்றாகத் தாங்கவேண்டியிருந்தன. அவற்றை வலுப்படுத்த வேண்டியதாயிற்று, பாரம் கூடிற்று. சீரான சுமையைத் தேடுவதே நற்பொறியியல் என்று கற்றவர்களுக்கு இது தலைகீழான செயலாகத் தோன்றியிருக்கும். எஞ்சின் தன் சுகத்தை விட்டுக்கொடுத்து ரயருக்குச் சுகம் தேடிக்கொடுத்தது எனலாம்.

1992ஆம் ஆண்டுப் பந்தயகாலம் யப்பானின் சுசுக்கா களத்திலே தொடங்கியபோது, பழைய ஓலத்துக்குப் பதிலாக ஹொண்டாவிலிருந்து கரகரத்த தாழ்ந்த உறுமலே எழுந்தது. வினாடிக்கு 800 தனி வெடிப்புகளாக இருந்தவை 200 கூட்டு வெடிப்புகளாகிவிட்டமையால், செவிக்கு எஞ்சின் மெதுவாக ஓடுவதுபோலவே தோன்றியது. ஆனால் அவுஸ்திரேலியரான மிக் டூகன் அந்த வண்டியிலே சுசுக்காவில் வென்றார். அடுத்து அவுஸ்திரேலியாவில் வென்றார். மலேசியாவிலும் ஸ்பெயினிலும் வென்றார். முதல் நான்கு பந்தயங்களும் அவருடையனவாயின. போட்டி நிறுவனங்கள் காரணத்தை உணர்ந்துகொள்ள நெடுநாள் ஆகவில்லை. அந்தப் பந்தயகாலத்துக்குள்ளேயே யமஹாவும் சுசுக்கியும் இத்தாலியின் கஜீவாவும் தத்தம் எஞ்சின்களின் வெடிப்பு ஒழுங்கை மாற்றின. இரண்டு கிராங்குத் தண்டுகளை உடைய எஞ்சினில் ஒரு வசதி உண்டு: இரண்டையும் பிணைக்கும் பற்சில்லுகளைக் கழற்றி, சில பற்கள் தள்ளி மீண்டும் பொருத்தினால் சோடிகளுக்கிடையேயுள்ள கோணம் மாறிவிடும். ஒற்றைத் தண்டாயின் புதிய தண்டே செய்தல் வேண்டும்.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறத்தல் தகாது. மென்மையான எஞ்சின் ஆபத்தைக் குறைக்கலாம், ஒழிக்க மாட்டாது. அதே ஆண்டு ஒல்லாந்திலே அசென் களத்தின் பயிற்சி ஓட்டத்தில் டூகன் விழுந்து வலது காலை முறித்துக்கொண்டார். சிகிச்சையிலே சிக்கல்கள் நேர்ந்து, காலையே இழக்கும் நிலை உருவாயிற்று. இத்தாலிய வைத்தியர் கிளவுடியோ கொஸ்ரா, நல்ல காலின் இரத்த ஓட்டம் பழுதுற்ற காலுக்கும் கிடைக்குமாறு இரண்டு கால்களையும் ஒன்றாகத் தைத்துவைத்துக் காலைக் காப்பாற்றினார். நான்கு பந்தயங்களைத் தவறவிட்ட டூகன், கடைசி இரண்டுக்கும் மெலிந்த உடலோடு மீண்டார். பட்டத்தை அமெரிக்கரான வேய்ன் றெய்னியிடம் நான்கே புள்ளிகளால் இழந்தார். வலது கணுக்கால் பழைய அசைவைப் பெறவில்லை. பின்னாளில் பின்சில்லின் தடையைக் கைப்பெருவிரலால் இயக்கும் கருவி அவருக்காகப் பொருத்தப்பட்டது. அந்தக் காலோடு அவர் 1994 முதல் 1998 வரை தொடர்ந்து ஐந்து உலகப் பட்டங்களை வென்றார்.

பெருவெடிப்பு ஏன் பயன் தந்தது என்பதிலே பொறியியலாளர் எல்லோரும் ஒருமித்த கருத்தினர் அல்லர். இடைவெளியிலே ரயர் இளைப்பாறுகின்றது என்பது ஒருசாரார் கொள்கை. எஞ்சினுக்கும் ரயருக்கும் இடையே நீளும் சங்கிலியும், நெகிழும் றப்பர்களும், பாரமான சில்லும் இருப்பதால், வெடிப்பின் துடிப்பு ரயரைச் சேருமுன் மழுங்கிவிடும் என்று மற்றொரு சாரார் மறுப்பர். அவர்களுடைய கருத்தின்படி பயன் பெற்றது ரயரன்று, மனிதனே. தெளிவாகப் பிரிந்த துடிப்புகள் வீரரின் உடலுக்குச் செய்தி சொல்கின்றன. சில்லு வழுக்கத் தொடங்கும் கணத்தை அவர் நேரத்தோடு அறிகின்றார். எக்கொள்கை சரியாயினும் முடிவு ஒன்றே: எஞ்சினையும் மனிதனையும் ரயரையும் தனித்தனியே அளக்க முடியாது.

இதனை மேலும் தெளிவாக்கிய நிகழ்ச்சி 1997இல் நடந்தது. எல்லோரும் பெருவெடிப்பைக் கைக்கொண்டிருந்த வேளையிலே, டூகன் சமமான இடைவெளியில் வெடிக்கும் பழைய ஒழுங்கைத் தமக்கு மீண்டும் தருமாறு வேண்டினார். ஹொண்டாவின் ஏனைய வீரர்கள் பெருவெடிப்பிலேயே நின்றனர். அடங்காத அந்த எஞ்சினோடு டூகன் அவ்வாண்டு நடந்த 15 பந்தயங்களில் 12ஐ வென்றார். ஐந்து ஆண்டுகளாகப் போற்றப்பட்ட உண்மை பொய்த்துவிட்டதா? அவ்வாறன்று. ரயர்கள் முன்னேறியிருந்தன; எஞ்சினின் ஆற்றலை ஆளும் முறைகளும் திருந்தியிருந்தன; எல்லாவற்றுக்கும் மேலாக, எஞ்சின் சொல்வதை மணிக்கட்டினால் கேட்கக் கற்றுக்கொண்ட ஒருவர் அதன்மேல் அமர்ந்திருந்தார். ஒருவருக்குத் துணையாகும் ஒழுங்கு மற்றொருவருக்குத் தடையாகலாம். எஞ்சினின் ஒழுங்கை முடிவாகத் தீர்மானிப்பது அதனை ஆளும் மனிதனே என்பதை அந்த ஆண்டு உணர்த்தியது.

500 சி. சி. ஈரடிப்பு வண்டிகளின் காலம் நீண்டு நிலைக்கவில்லை. 2001இல் இத்தாலியரான வலென்ரினோ றொஸ்ஸி ஹொண்டாவில் வென்றதே அப்பிரிவின் இறுதிப் பட்டம். 2002இல் 990 சி. சி. வரையான நாலடிப்பு எஞ்சின்களுக்கு இடமளிக்கும் புதிய பிரிவு தொடங்கியது. 250 சி. சி. ஈரடிப்புப் பிரிவு 2009ஆம் ஆண்டோடும், 125 சி. சி. பிரிவு 2011ஆம் ஆண்டோடும் முடிவுற்றன. புகைமணமும் ஓலமும் உலகப் பந்தயக் களங்களிலிருந்து நீங்கின.

எனினும் அந்த எஞ்சின்கள் கற்பித்த பாடம் அவற்றோடு மறையவில்லை. 2004இல் யமஹா தன் நாலடிப்புப் பந்தய எஞ்சினின் கிராங்குத் தண்டை மாற்றியமைத்து, நான்கு வெடிப்புகளும் 270, 180, 90, 180 பாகை என்ற சமமற்ற இடைவெளிகளில் நிகழச் செய்தது. ஹொண்டாவிலிருந்து யமஹாவுக்கு மாறியிருந்த றொஸ்ஸி, தென்னாபிரிக்காவின் வெல்கொம் களத்திலே நடந்த முதற் பந்தயத்திலேயே அதனைக் கொண்டு வென்றார்; அவ்வாண்டின் பட்டத்தையும் வென்றார். 2009இல் அதே அமைப்பு கடைகளில் வாங்கத்தக்க யமஹா வண்டியொன்றிலும் இடம்பெற்றது. காரணம் பற்றிய விளக்கங்கள் காலத்துக்குக் காலம் மாறின. ஆனால் சமமான இடைவெளியே எப்போதும் சிறந்தது என்ற பழைய நம்பிக்கை மீண்டும் முழு வலிமையோடு எழவில்லை.

உரலும் உலக்கையும் கொண்டு இப்பேச்சு தொடங்கியது. நெற்குத்தும் பெண்கள் எஞ்சினை அறியார்; ஆயினும் குத்தின் வலிமை மாத்திரம் நெல்லை அரிசியாக்காது என்பதை அறிவர். அடி ஓங்கியதாயிருந்தால் அரிசி நொறுங்கும். இடைவெளி தவறினால் உலக்கைகள் மோதும். வலிமை எவ்வளவு என்று கேட்பதோடு, அது எப்போது விழுகின்றது, விழுந்தபின் எவ்வளவு நேரம் ஓய்கின்றது என்றும் கேட்டல் வேண்டும். வினாடியின் ஆயிரத்தில் மூன்று பங்கான ஓர் ஓய்வுக்காகத் தண்டை மாற்றி, பற்சில்லை மாற்றி, தாம் கற்ற கொள்கையையும் மாற்றிக்கொண்ட பொறியியலாளர்கள், அந்த ஓய்விலே ஒரு மனிதனின் எலும்பும் உயிரும் தங்கியிருப்பதை உணர்ந்திருந்தார்கள்.